பதினேழு வயதும் ஒரு கப்பலும்

மனிதன் கடலில் இறங்கியதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. மீன் பிடிக்க இறங்கினான். மிளகு வாங்கப் போனான். ராஜ்யம் பிடிக்கப் போனான். ஔவைப் பாட்டிகூடக் கடல் தாண்டச் சொன்னது பொருள் தேடுவதற்காகத்தான். சும்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, புறப்பட்ட துறைமுகத்திலேயே திரும்பி வந்து இறங்குவதற்காகக் கப்பல் ஏறுவது என்பது மிகச் சமீப காலத்து ஆசை. அதிலும் மனைவி மக்களோடு, மீசை அரும்பும் வயதில் ஒரு பிள்ளையையும் தாவணி வயதில் ஒரு பெண்ணையும் அழைத்துக்கொண்டு போவது என்றால், அந்த ஆசைக்குக் கொஞ்சம் தைரியமும் வேண்டும்.

சின்னக் குழந்தையாயிருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம். கல்யாணமான பிள்ளையாயிருந்தால் அவன் பாடு, அவன் மனைவி பாடு. இரண்டுங்கெட்டான் வயதுப் பிள்ளையை என்ன செய்வது? அப்பா கோபுரத்தைக் காட்டினால் அவன் எதிர்த் திண்ணையைப் பார்ப்பான். அம்மா ஸ்தல புராணம் சொன்னால் அவன் கொட்டாவி விடுவான். ஆனால் பெரியவர்கள் கவனிக்காத ஏதோ ஒன்றை எங்கேயோ ஒரு மூலையில் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு வந்து, நாற்பது வருஷம் கழித்துப் பேரனிடம் சொல்லிக்கொண்டிருப்பான். பிரயாணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரியவர்கள். பிரயாணத்தின் பலனை அடைகிறவர்கள் யார் என்பது வேறு விஷயம்.

உல்லாசக் கப்பல் யாத்திரையின் சரித்திரத்தைப் படித்தால் இந்த உண்மை ஆரம்பத்திலேயே தலை காட்டுவதைப் பார்க்கலாம்.

அந்தச் சரித்திரத்தின் முதல் ஏடு ஒரு கற்பனை விளம்பரம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லந்துத் தீவுகளில் பிறந்த ஆர்தர் ஆண்டர்ஸன் என்பவர் 1830களின் நடுவில், தாம் நடத்திய பத்திரிகையில், ஐஸ்லாந்துப் பக்கம் உல்லாசமாகப் போய் வர ஒரு கப்பல் இருப்பதாக விளம்பரம் போட்டார். அப்படி ஒரு கப்பலே கிடையாது. பத்திரிகையின் பக்கத்தை நிரப்பப் போட்டது அது. ஆனால் விளையாட்டாக எழுதிய வரி அவர் மனத்தை விட்டு அகலவில்லை போலிருக்கிறது. பின்னால் பி. அண்ட் ஓ. என்ற பெயரில் உலகப் பிரசித்தி பெற்ற கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தவர்களில் அவரும் ஒருவர். 1844ல் அந்தக் கம்பெனி, நாவலாசிரியர் தாக்கரேயை இலவசமாக மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பார்க்க அனுப்பி வைத்தது. எழுத்தாளனுக்கு இலவச டிக்கெட் கொடுத்தால் புத்தகம் எழுதிவிடுவான் என்ற ரகசியத்தைக் கப்பல்காரர்கள் அப்போதே தெரிந்துகொண்டு விட்டார்கள். தாக்கரேயும் எழுதினார்.

ஆனால் நாம் பார்க்க வேண்டிய கப்பல் இதற்கு இருபத்து மூன்று வருஷம் பிந்தியது. அதன் பெயர் 'குவேக்கர் சிட்டி'. துடுப்புச் சக்கரம் பூட்டிய நீராவிக் கப்பல். 1854ல் பிலடெல்பியாவில் கட்டப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கத்தியாரின் கடற்படையில் சேவை செய்துவிட்டு ஓய்ந்திருந்தது. 1867ல் அந்தக் கப்பலை எடுத்து, நியூயார்க்கிலிருந்து ஐரோப்பாவுக்கும் அங்கிருந்து கிறிஸ்தவர்களின் புண்ணிய பூமியான பாலஸ்தீனத்துக்கும் போய் வர ஏற்பாடு செய்தார் காப்டன் சார்லஸ் டங்கன். அமெரிக்காவிலிருந்து பெரிய அளவில் புறப்பட்ட முதல் உல்லாசக் கப்பல் யாத்திரை என்று இதைச் சொல்வது வழக்கம்.

உல்லாசம் என்று சொன்னேனே தவிர, அதற்குப் பின்னால் இருந்தது மாதாகோவில். புரூக்ளினில் உள்ள பிளிமத் தேவாலயத்தைச் சேர்ந்தவர்களே இதில் முக்கியஸ்தர்கள். நம்மவர்கள் காசிக்கும் போய்விட்டு, போகிற வழியில் கல்கத்தா மிருகக் காட்சி சாலையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள் அல்லவா? அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

திட்டம் வெகு ஜோராக அச்சிடப்பட்டது. கப்பலில் புத்தகசாலை உண்டு. சங்கீத வாத்தியங்கள் உண்டு. அனுபவமுள்ள வைத்தியர் உண்டு. சின்ன அச்சு யந்திரம்கூட உண்டு. கட்டணம் ஆளுக்கு 1,250 டாலர். பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டினால்தான் இடம் நிச்சயம். யார் முந்திப் பணம் கட்டுகிறார்களோ அவர்களுக்கே நல்ல அறையும் சாப்பாட்டு மேஜையில் நல்ல ஆசனமும். கரையில் இறங்கிச் சுற்றும் செலவுக்குத் தலைக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து டாலர், அதுவும் தங்கமாக, கையில் வைத்திருப்பது நலம். சாதாரணத் தொழிலாளி ஒருவன் இரண்டு வருஷம் உழைத்தாலும் அந்தக் காலத்தில் 1,250 டாலரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். ஆகவே இது வசதியுள்ளவர்களின் யாத்திரை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வசதி மட்டும் இருந்தால் போதாது, யோக்கியதையும் வேண்டும். விண்ணப்பம் போடுகிறவர்களின் நன்னடத்தையைப் பரிசீலித்து அனுமதிக்க ஒரு கமிட்டி இருந்தது. வயது வந்த பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதைவிட மன நிம்மதி தரும் ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்? கண்ட கண்ட மனிதர்களோடு பிள்ளை பழகிக் கெட்டுப் போவான் என்ற கவலையே இல்லை. போதாக்குறைக்குப் பிளிமத் தேவாலயத்தின் புகழ் பெற்ற பிரசங்கி ஹென்றி வார்டு பீச்சரும், போரில் பேர் வாங்கிய ஜெனரல் ஷெர்மனும் கூட வருகிறார்கள் என்று விளம்பரம் செய்திருந்தார்கள்.

கடைசியில் பீச்சரும் வரவில்லை, ஷெர்மனும் வரவில்லை. பிரசங்கி வரவில்லை என்றதும் அவரை நம்பியிருந்த பக்தர்களில் பலரும் நின்றுவிட்டார்கள். 150 பேர் வரை ஏற்றிக்கொள்வதாக இருந்த கப்பலில் சுமார் 70 பேர்தான் சேர்ந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தலை நரைத்தவர்கள். நன்னடத்தைக் கமிட்டியின் சல்லடையில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தவர், சுருட்டும் கையுமாகத் திரியும் 31 வயதுப் பத்திரிகைக்காரர் ஒருவர். அவருக்கு ஸான்பிரான்ஸிஸ்கோ பத்திரிகை ஒன்று டிக்கெட் பணம் கட்டியிருந்தது. விண்ணப்பம் கொடுக்கப் போன இடத்தில் அவரை ஒரு பாதிரியார் என்று சிநேகிதர் அறிமுகப்படுத்தி வைத்ததாக ஒரு வேடிக்கைக் கதை உண்டு. பெயர் மார்க் ட்வெயின்.

இனி, நம்முடைய இளம் பிரயாணிகளுக்கு வருவோம்.

நியூயார்க் மாகாணத்தில் எல்மைரா என்ற ஊர். அங்கே நிலக்கரி வியாபாரத்திலும் மர வியாபாரத்திலும் பெரும் பொருள் ஈட்டியவர் ஜெர்விஸ் லாங்டன். பணக்காரர் மட்டுமல்ல, அடிமை முறையை எதிர்த்தவர், தப்பி ஓடி வந்த நீக்ரோ அடிமைகளுக்கு உதவி செய்தவர். அவருடைய ஒரே பிள்ளை சார்லி. கப்பல் புறப்பட்டபோது அவனுக்கு வயது 17. பெற்றோர் கூடப் போகவில்லை. அவனைத் தனியாக அனுப்பி வைத்தார்கள்.

அந்தத் தாய் தந்தையர் அனுப்புவதற்கு முன் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்க நாவல் எழுதுகிறவனுக்கு ஆசையாயிருக்கிறது. எல்மைராவில் அவர்களுடைய தேவாலயத்துக் குருவும் ஒரு பீச்சர்தான்; பிரசங்கி பீச்சருக்கு மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர். ஆகவே கப்பல் முழுவதும் நமக்குத் தெரிந்த கூட்டம் என்ற தைரியம் அவர்களுக்கு இருந்திருக்கும். "ஐந்து மாதம் பெரியவர்களோடு பழகினால் பையனுக்குப் புத்தி வரும்" என்று தகப்பனார் சொல்லியிருப்பார். "வேளைக்குச் சாப்பிடுவானா?" என்று தாயார் கேட்டிருப்பாள். எந்தத் தேசத்தில்தான் கேட்க மாட்டார்கள்?

இன்னொரு குடும்பம் பீச் குடும்பம். (பீச்சர் வேறு, பீச் வேறு, வாசகர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மோஸஸ் பீச் என்பவர் அப்போது நியூயார்க் 'ஸன்' பத்திரிகையின் சொந்தக்காரர். அவர் தம்முடைய 17 வயதுப் பெண் எம்மாவைக் கூட அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார்.

1867 ஜூன் 8ம் தேதி கப்பல் துறையை விட்டுக் கிளம்பியது. கிளம்பிய உடனேயே திட்டம் தவறிவிட்டது. வெளியே கடல் கொந்தளிப்பாக இருந்ததால், நியூயார்க்குக்குப் பக்கத்திலேயே இரண்டு நாள் நங்கூரம் போட்டு நிற்க நேர்ந்தது. வழியனுப்பிவிட்டு வீடு திரும்பியவர்கள் இவர்கள் நடுக்கடலில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, யாத்திரிகர்கள் ஊர் ஓரத்திலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நாட்கள் ஒரு ஒழுங்குக்கு வந்தன. காலையில் சாப்பாடு, பிறகு மேல்தளத்தில் சாக்கட்டியால் கட்டம் போட்டு மரத் தட்டுகளைத் தள்ளி விளையாடும் ஆட்டம், மாலையில் கூடத்தில் ஜெபம். ஜெபம் முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து மும்முரமாக நாட்குறிப்பு எழுதுவார்கள். முதல் வாரம் பக்கம் பக்கமாக ஓடிய நாட்குறிப்பு, மூன்றாவது வாரம் வரிக் கணக்காகச் சுருங்கி, அப்புறம் தேதி மட்டும் மிஞ்சியது. இதில் மட்டும் இளையவர், முதியவர் என்ற வித்தியாசமே இல்லை. வாத்தியங்கள் இருந்தபடியால் நாட்டியத்துக்கும் முயற்சி நடந்தது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஆடுகிற ஜோடிகள் எல்லாம் சேர்ந்தாற்போல் அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்கள். பக்திமான்களுக்கோ நாட்டியமே பிடிக்கவில்லை. சில நாளில் அது நின்று போயிற்று.

இந்தச் சமயத்தில் இளைஞர்களுக்குக் கிடைத்த புகலிடம் ஒரு பெண்மணி. கிளீவ்லண்டு நகரத்துப் பத்திரிகாதிபரின் மனைவியான மேரி பேர்பாங்க்ஸ் அம்மாள், நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்தவர். ஊர்ப் பத்திரிகைக்குப் பிரயாணக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளைச் சுற்றி ஒரு சின்ன கோஷ்டி சேர்ந்தது. தம்மை அந்த அம்மாளின் 'குட்டிகள்' என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். சார்லி அதில் ஒரு குட்டி. 31 வயது மார்க் ட்வெயினும் ஒரு குட்டி! ட்வெயின் தாம் எழுதியதை அந்த அம்மாளிடம் படித்துக் காட்டுவார். சரியில்லை என்று அவர் சொன்னதைக் கிழித்துக் கடலில் எறிந்துவிடுவார் என்று சொல்வார்கள். நன்னடத்தைக் கமிட்டி ஏற்படுத்த முடியாத கட்டுப்பாட்டை ஒரு தாயுள்ளம் சத்தமில்லாமல் ஏற்படுத்திவிட்டது. அச்சிட்ட திட்டத்தில் பேர்பாங்க்ஸ் அம்மாளுக்கு இடமே இல்லை என்பது கவனிக்க வேண்டியது.

எம்மா என்ன செய்தாள்? ட்வெயினோடு சதுரங்கம் ஆடினாள். அவளுக்கும் அவருக்கும் ஏற்பட்ட சிநேகிதம் கப்பலோடு முடிந்துவிடவில்லை. பின்னால் அவர் எழுதிய கடிதங்களை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஆகஸ்டு 13ம் தேதி, இத்தாலியிலிருந்து கிரீஸை நோக்கிக் கப்பல் போய்க்கொண்டிருந்தபோது, சார்லிக்கு 18 வயது நிரம்பியது. மறுநாள் ஏதென்ஸுக்குத் துறைமுகமான பிரேயஸில் நங்கூரம் போட்டார்கள். ஆனால் காலரா பயத்தினால் யாரையும் கரையில் இறங்க விடவில்லை. 1,250 டாலர் கொடுத்து வந்தவர்கள் ஏதென்ஸ் நகரத்தைத் தூரக் கண்ணாடியில் பார்த்துக் கும்பிட வேண்டியதாயிற்று. ட்வெயினும் இன்னும் மூன்று பேரும் மட்டும் இரவில் திருட்டுத்தனமாகப் படகில் இறங்கி, வழியில் திராட்சைத் தோட்டங்களில் கை வைத்தபடியே நடந்து போய், நிலா வெளிச்சத்தில் அக்ரோபொலிஸ் கோயில்களைத் தரிசித்துவிட்டு, விடிவதற்குள் ஓடி வந்து சேர்ந்தார்கள். திட்டப்படி பகலில் பார்த்திருந்தால் இவ்வளவு அழகாக இருந்திருக்குமா என்பது சந்தேகந்தான்.

திட்டம் எதைக் கொடுக்கத் தவறியதோ, அதற்குப் பதில் திட்டத்தில் இல்லாததை யாத்திரை கொடுத்தது. கருங்கடலில் யால்டாவுக்கு அருகே ரஷியச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்ஸாண்டர் குடும்பத்தோடு கோடைவாசம் செய்துகொண்டிருந்தார். ரஷியா தன் வசமிருந்த அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றது அதே வருஷம்தான். ஆகையால் அமெரிக்கர்கள் என்றதும் நல்ல வரவேற்பு. ஆகஸ்டு 26ம் தேதி இந்தப் பிரயாணிகளைச் சக்கரவர்த்தியே எதிர்கொண்டு, தம் மாளிகையைச் சுற்றிக் காட்டினார். கூட இருந்தவள் அவருடைய 13 வயதுப் பெண் மரியா. எல்மைராவின் நிலக்கரி வியாபாரி தம் பிள்ளைக்கு ரஷியச் சக்கரவர்த்தியின் பேட்டி கிடைக்கும் என்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

பிறகு புண்ணிய பூமி வந்தது. அதுதானே யாத்திரையின் சிகரம்? அங்கே நடந்ததாக ட்வெயின் பின்னாளில் எழுதிய ஒரு சம்பவம். கோஷ்டியில் ஜாக் என்று ஒரு பையன், இருபதைத் தொடாத வயது. பெரியவர் ஒருவர் பாலைவனத்தைக் காட்டி, மோஸஸ் தம் ஜனங்களை நாற்பது வருஷம் நடத்தி முந்நூறு மைல் கடத்தி வந்ததை உருக்கமாக வர்ணித்தார். மேற்கு அமெரிக்காவில் பென் ஹாலடே என்பவரின் குதிரை வண்டிகள் பறந்த வேகம்தான் பையன் கண் முன் நின்றது. பென் ஹாலடேயிடம் விட்டிருந்தால் முப்பத்தாறு மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்திருப்பாரே என்றானாம்! பெரியவர் முகத்தை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஜாக் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அவன் பார்த்த உலகத்தை அளவுகோலாக வைத்துத்தானே அவன் அளக்க முடியும்?

அதே புண்ணிய பூமியில், எந்த ஸ்தல புராணத்திலும் இல்லாத ஒன்று எம்மா வந்த கப்பலில் நடந்தது. மெயின் மாகாணத்திலிருந்து சுமார் 150 அமெரிக்கர்கள், ஆடம்ஸ் என்ற போதகரின் பேச்சை நம்பி, வீடு வாசலை விற்றுவிட்டு, ஜாபா நகரத்துக்கு அருகே குடியேறியிருந்தார்கள். பயிர் விளையவில்லை, நோய் வந்தது, பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்களில் சுமார் நாற்பது பேர் ஊர் திரும்பக் காசில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். 'குவேக்கர் சிட்டி' அவர்களை அலெக்ஸாண்டிரியா வரை ஏற்றிச் சென்றது. அங்கிருந்து மெயினுக்குப் போக வேண்டிய கட்டணம் முழுவதையும், 1,500 டாலர், ஒருவர் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். அவர்தான் எம்மாவின் தகப்பனார் மோஸஸ் பீச். தீர்த்தக் கரையில் நின்று நூறு பிரசங்கம் செய்தாலும், அந்தப் பெண்ணின் மனத்தில் இந்த ஒரு காரியத்தைப் போல் பதிந்திருக்குமா?

சார்லியின் கதை மிச்சமிருக்கிறது. செப்டம்பர் மாதத்தில் கப்பல் ஸ்மர்னாவில் நின்றது. இன்று இஸ்மீர் என்று அந்த ஊரைச் சொல்கிறார்கள். சார்லி தன் அறையில் ஒரு சின்னப் படம் வைத்திருந்தான். தந்தத்தில் தீட்டியது; அவனுடைய அக்காள் ஒலிவியாவின் உருவம். வீட்டு ஞாபகம் வந்தபோது எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைக்கலாம். அந்தப் படத்தை அங்கேதான் முதன்முதலில் பார்த்ததாகவும், பார்த்த நாள் முதல் அந்த முகம் தம் மனத்தை விட்டு நீங்கவில்லை என்றும் ட்வெயின் வயதான காலத்தில் சொன்னார். நாற்பது வருஷம் கழித்துச் சொன்ன காதல் கதையில் கொஞ்சம் வர்ணமும் சேர்ந்திருக்கலாம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். அவர்கள் தொழில் அது. ஆனால் சார்லியின் சிநேகிதம் இல்லாவிட்டால் ட்வெயின் லாங்டன் வீட்டுப் படி ஏறியிருக்க முடியாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

நவம்பர் 19ம் தேதி கப்பல் நியூயார்க் திரும்பியது. டிசம்பர் கடைசியில், நியூயார்க் வந்திருந்த லாங்டன் குடும்பத்தாரை ட்வெயின் சந்தித்தார்; அவர்களோடு போய், சார்லஸ் டிக்கன்ஸ் தம் கதைகளைப் படிப்பதையும் கேட்டார். அடுத்த வருஷம் எல்மைராவுக்கே விருந்தாளியாகப் போனார். "உன் அக்காளை நான் விரும்புகிறேன்" என்று சார்லியிடம் அவர் ஒப்புக்கொண்டதும், அதுவரை அவரை மலைபோல் மதித்துவந்த பையன் திடுக்கிட்டு, அடுத்த ரயிலிலேயே ஊருக்குப் போய்விடும்படி கெஞ்சினான் என்று வரலாற்றாசிரியர் எழுதுகிறார். கப்பலில் சிநேகிதனாயிருக்கத் தகுந்தவன் வீட்டில் மாப்பிள்ளையாயிருக்கத் தகுந்தவன்தானா? பத்தொன்பது வயதுக்கு முதல் தடவையாகக் குடும்பக் கவலை வந்துவிட்டது! ரயிலுக்குப் புறப்பட்ட வண்டியில் ஆசனம் சரியாகப் பொருத்தப்படாமல் இருவரும் பின்பக்கமாக விழுந்ததும், அடிபட்டதைச் சாக்காக வைத்து ட்வெயின் இன்னும் சில நாள் தங்கிவிட்டதும் தனிக் கதை. ஒலிவியா பல தடவை மறுத்தாள்; கடைசியில் இசைந்தாள். 1870 பிப்ரவரி 2ம் தேதி எல்மைராவில் விவாகம் நடந்தது. 1904ல் அவள் கண் மூடும் வரையில் 34 வருஷ தாம்பத்தியம்.

பிள்ளைக்குப் புத்தி வரட்டும் என்று கப்பல் ஏற்றிய தகப்பனாருக்கு, பிள்ளை கொண்டுவந்து சேர்த்தது ஒரு மருமகனை. அதே 1870ல், ஆகஸ்டு மாதத்தில், ஜெர்விஸ் லாங்டன் காலமானார். 21 வயதில் சார்லி குடும்பத் தொழிலைத் தலையில் ஏற்றுக்கொண்டான். புத்தியும் வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். எம்மா 1891ல் அபட் தேயர் என்ற ஓவியரை மணந்தாள். ட்வெயின் பிரயாணக் கடிதங்களைச் சேர்த்து 1869ல் வெளியிட்ட புத்தகம் அவரை உலகப் பிரசித்தர் ஆக்கியது. அதில் தங்களைக் கேலி செய்துவிட்டாரென்று முதிய யாத்திரிகர்களில் பலருக்குத் தாங்க முடியாத கோபம்.

கப்பல் யாத்திரைத் தொழில் அதற்கப்புறம் எங்கேயோ போய்விட்டது. 1891 ஜனவரியில் ஜெர்மானியரான ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் சும்மா நிற்கும் கப்பலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று 'அகஸ்டா விக்டோரியா'வில் 241 பேரை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பியபோது, குளிர்காலத்தில் உல்லாசத்துக்காக யார் கடலில் இறங்குவார்கள் என்று அவர் கூட்டாளிகளே சிரித்தார்களாம். 1998ல் குடும்பங்களுக்கென்றே கட்டிய 'டிஸ்னி மாஜிக்' கடலில் இறங்கியது. 2024ல் புறப்பட்ட 'ஐகான் ஆப் தி ஸீஸ்' கப்பலில் 7,600 பிரயாணிகள் வரை போகலாம். இன்றைய பெரிய கப்பல்களில் பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை உள்ளவர்களுக்குத் தனி மண்டபம், தனி விளையாட்டு, தனி மேற்பார்வையாளர் எல்லாம் உண்டு. அப்பாவும் அம்மாவும் ஒரு தளத்தில், பிள்ளைகள் வேறொரு தளத்தில். சௌகரியமான ஏற்பாடுதான். ஒருவர் தொந்தரவு ஒருவருக்கு இல்லை.

ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. 'குவேக்கர் சிட்டி'யில் பதினேழு வயதுக்காகத் தனி மண்டபம் எதுவும் இல்லை. அதனால்தான் அவர்கள் எல்லா வயதினரோடும் புழங்க வேண்டியிருந்தது. சார்லிக்கு பேர்பாங்க்ஸ் அம்மாளும் மார்க் ட்வெயினும் கிடைத்தது அப்படித்தான். எம்மாவுக்குத் தன் தகப்பனாரே புதிதாக ஒரு மனிதராகத் தெரிந்திருந்தால், அதுவும் அப்படித்தான். இந்த வயதுக்கு வேண்டியது வேடிக்கை மட்டும் அல்ல. தன் வீட்டாருக்கு வெளியே தன்னை ஒரு மனிதனாக மதித்துப் பேசுகிற பெரியவர்கள். அதைக் கட்டணம் கட்டி வாங்க முடியாது. அதற்கு இடம் விட்டு வைக்கத்தான் முடியும்.

ஆகவே குடும்பத்தோடு கப்பல் ஏற விரும்பும் நேயர்கள் தாராளமாகத் திட்டம் போடட்டும். எந்த ஊரில் எத்தனை மணி, என்ன செலவு, யாருக்கு எந்த அறை, எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். நாளுக்கு ஒரு மணி நேரத்தை மட்டும் எழுதாமல் விட்டு வைக்கட்டும். 'குவேக்கர் சிட்டி' பிறகு ஹைட்டி நாட்டாருக்கு விற்கப்பட்டு, 1871ல் பெர்முடா அருகே கடலில் மூழ்கிவிட்டது. அதன் புத்தகசாலை போயிற்று. நாட்டியம் நடந்த மேல்தளம் போயிற்று. சாக்கட்டிக் கட்டங்கள் என்றைக்கோ அழிந்து போயின. ஒரு பையன் தன் அறையில் வைத்திருந்த அக்காள் படத்தின் கதைதான் இன்றைக்கும் எஞ்சி நிற்கிறது.